பப்பாளிக் கன்றின் பையில் ரகத்தின் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பப்பாளிக் கன்று விற்கும் நாற்றுப்பண்ணைகள் பலவற்றில் 'நாட்டுப் பப்பாளி', 'ஹைபிரிட்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதோடு சரி. பையில் ஒரு எழுத்தும் இருப்பதில்லை. ரகம் தெரியாமல் குழிக்கு எத்தனை கன்று வைப்பது என்றே முடிவு செய்ய முடியாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 8 ரகங்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. முளைப்பதில் பாதி ஆண். குழிக்கு ஒன்றே வைத்தால் பாதித் தோட்டம் காய்க்காது. சாணகல இடைவெளியில் மூன்று வைத்தால் எட்டுக் குழிக்கு ஏழில் ஒரு பெண்ணாவது தேறும். கோ 7-இல் ஆண் மரமே வராது. மூன்றில் இரண்டு இருபால் மரம், அதாவது ஒரே பூவில் ஆண், பெண் இரண்டு உறுப்பும் உள்ள மரம்; மீதி பெண். அதற்குக் குழிக்கு இரண்டு போதும். இருபால் மரத்தின் காய் நீளம், பெண்ணின் காய் உருண்டை. சந்தை கேட்பது நீளக் காயை.

பூவைப் பார்த்த பிறகே குழிக்கு ஒன்றை விட்டு மற்றதை எடுக்க முடியும். பூ வர நான்கைந்து மாதமாகும். நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டி, அடி பருத்து நுனி கூர்ந்த மொட்டு பெண். தடுமாற்றம் இருபால் பூவில்தான். மொட்டு ஒல்லியாக இருக்கிறதே என்று ஆணாக நினைத்து வெட்டிவிடுகிறார்கள். இதழைக் கிழித்துப் பாருங்கள்: உள்ளே நீளவாக்கில் பச்சைப் பிஞ்சும் அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகளும் இருந்தால் அது இருபால். கடும் கோடையில் அந்தப் பிஞ்சும் சூம்பிப் பூ உதிரும். காம்பு குட்டையாக இருந்தால் மரத்தை விட்டுவையுங்கள், வெயில் தணிந்ததும் காய் பிடிக்கும்.

கோ 2, கோ 8 தோட்டத்தில் 20 பெண்ணுக்கு ஓர் ஆண் கட்டாயம் நிற்க வேண்டும். வேண்டாத கன்றைப் பிடுங்கக் கூடாது. பக்கத்துக் கன்றின் வேர் அறுந்து, அந்தக் காயம் வழியே அழுகல் ஏறும். தரையோடு தரையாகக் கத்தியால் அறுப்பதே சரி.

ரெட் லேடி வீரிய ஒட்டு ரகம். அதன் பழத்தைக் கடையில் வாங்கி எடுத்த விதையில் வளர்ந்த கன்றுகள் ஒன்றுபோல் இருக்காது. அவற்றை ரெட் லேடி என்று விற்பது வாங்குபவரின் ஓராண்டு உழைப்பைப் பறிப்பது.

பையில் ரகம், ஆண்-பெண் தனியா இருபாலா, விதைத்த தேதி ஆகிய மூன்றையும் எழுத வேண்டும் என்று தோட்டக்கலைத் துறை உத்தரவிடட்டும். தேதி எதற்கென்றால், இரண்டு மாதத்துக்கு மேல் பையிலேயே கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். நட்ட பின் காற்றுக்குச் சாயும்.

இப்படிக்கு,
பப்பாளி சாகுபடியாளர்கள்,
கோவை மாவட்டம்