3 வயசுன்னு போட்ட சயின்ஸ் பெட்டிக்குள்ள தண்ணில ஊதுற மணி எதுக்கு?

வணக்கம் சார்,

கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமத்துலேர்ந்து எழுதுறேன். ஆடிப்பெருக்கு லீவுக்கு என் பொண்ணுக்கு, எல்கேஜி படிக்கிறா, உங்க சயின்ஸ் பெட்டி 749 ரூபா குடுத்து வாங்கினேன். மேல "3+"னு பெருசா போட்டிருந்தத நம்பித்தான் வாங்கினேன்.

ஆப்ப சோடா, சிட்ரிக் ஆசிட் எல்லாம் சரி, எரிமலை நுரைச்சு பொங்குனதும் புள்ள கை தட்டி குதிச்சா. ஆனா கூடவே ஒரு பாக்கெட்ல கலர் கலரா, தண்ணில போட்டா ஊதிப் பெருசாகுற குட்டி மணி (வாட்டர் பீட்ஸ்). கொட்டும்போது ரெண்டு மூணு பாய்க்கு அடியில உருண்டு போயிருக்கு, நான் பாக்கல, சின்னவன் ஒன்றரை வயசு, எடுத்து வாயில போட்டுட்டான். கன்னத்துல ஒதுக்கி வச்சிருந்தத எங்க அப்பாயி பாத்து எடுத்துட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி எத்தன முழுங்கினான்னு யாருக்கு தெரியும்? ஆஸ்பத்திரிக்கு ஓடுனா, டாக்டரம்மா இது உள்ள போய் ஊதி குடல அடைக்கலாம், எக்ஸ்ரேலயும் பெரும்பாலும் தெரியாது, வாந்தி எடுத்தாலோ வயிறு உப்புனாலோ உடனே தூக்கிட்டு வாங்கன்னாங்க. ரெண்டு ராத்திரி அவன் வயித்துல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். சாமி புண்ணியம், ஒண்ணும் ஆகல.

மிச்சம் கிடந்த ஒண்ண டம்ளர் தண்ணில போட்டு வச்சேன். ராத்திரி கடுகு, காலையில கோலிகுண்டு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க.

உங்க கஸ்டமர் கேர்ல கேட்டா அன்பாக்சிங் வீடியோ இருக்கா, பொருள் டேமேஜான்னு கேக்குறாங்க. பொருள் டேமேஜ் இல்லங்க, அது பெட்டிக்குள்ள இருக்குறதே தப்பு. 2021 ஜனவரி 1லேர்ந்து 14 வயசுக்குள்ள பசங்க பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், ஆறு பக்கமும் திருப்பி பாத்துட்டேன், காணோம். தமிழ்ல ஒரு வரி எச்சரிக்கை கூட இல்ல.

பெட்டிய எடுத்து வச்சதுக்கு பொண்ணு ஒரே அழுகை. அப்பாயி வெத்தல பெட்டியிலேர்ந்து துளி சுண்ணாம்பு எடுத்து மஞ்சத்தண்ணில நானே கரைச்சேன், ஆரத்திக்கு கரைக்கிற மாதிரி சிவந்துச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சதும் திரும்ப மஞ்சளாயிடுச்சு. அவ வாய பொளந்துட்டா. சின்ன புள்ளைக்கு இது போதாதா சார், அந்த மணி எதுக்கு?

எனக்கு பணம் முழுசா திரும்ப வேணும். அந்த மணிய 3+ பெட்டியிலேர்ந்து எடுக்கணும், ஏற்கனவே வாங்குனவங்களுக்கு மெசேஜ் அனுப்பணும். 15 நாளுல எழுத்துல பதில் வரலன்னா 1915ங்கிற நுகர்வோர் உதவி நம்பர்ல புகார் பதிவு பண்ணுவேன். பெட்டிய உங்க ஆளு வந்து எடுத்துக்கலாம், அந்த மணி பாக்கெட்ட மட்டும் தர மாட்டேன், புகாருக்கு வேணும்.