கொர்ச்னாயின் மிச்சக் கதையையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சதுரங்க வீரர் விக்டர் கொர்ச்னாய் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் ஊர் வாசகசாலையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டோம். சோவியத்தை விட்டுப் போனவர், அன்றைய உலக சாம்பியன் கார்ப்போவிடம் தோற்றவர் என்று, 1981-இல் இத்தாலியின் மெரானோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியோடு கதையை முடித்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

நான்கு முறை சோவியத் சாம்பியனான மனிதர், 1976-இல் ஆம்ஸ்டர்டாம் போட்டி முடிந்த கையோடு தஞ்சம் கேட்டபோது வயது 45. மனைவியும் மகனும் சோவியத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். ராணுவத்தில் சேர மறுத்ததற்காக மகனைச் சிறையில் போட்டார்கள். 1982-இல்தான் குடும்பம் வெளியே வர முடிந்தது. 1978-இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலகப் பட்டத்துக்காகக் கார்ப்போவோடு உட்கார்ந்து ஆடியபோது அவர் மனசில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும்!

பாகியோ என்றாலே, ரகசியச் சைகையோ என்று சந்தேகிக்கப்பட்ட, ஆட்டத்தின் நடுவே கார்ப்போவுக்கு வந்த தயிரையும், கார்ப்போவ் தரப்பில் உட்கார்ந்து கொர்ச்னாயை முறைத்துப் பார்த்த மனோவசியக்காரரையும்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். ஆட்டத்தை யார் சொல்வது? முதலில் 6 வெற்றி எடுப்பவருக்குப் பட்டம்; டிராவுக்குக் கணக்கில்லை. 27 ஆட்டம் முடிந்தபோது கார்ப்போவ் 5, கொர்ச்னாய் 2. அப்புறம் நாலே ஆட்டத்தில் மூன்றை ஜெயித்து 5-5 ஆக்கினார். 32-ஆவது ஆட்டம்தான் கைவிட்டுப் போனது.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 2006-இல் முதியோர் உலக சாம்பியன். 2011 ஜனவரியில், 80-ஐ நெருங்கும்போது, ஜிப்ரால்டரில் 18 வயது கருவானாவைத் தோற்கடித்தார். 2018-இல் அன்றைய உலக சாம்பியன் கார்ல்சனோடு உலகப் பட்டத்துக்கு ஆடிய அதே கருவானாதான். அந்த 2011-லேயே, 80 வயதில் சுவிட்சர்லாந்து சாம்பியனும் ஆனார்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வாசகசாலையில் எங்களுக்கு இருப்பது ஒரே பலகை. தொலைந்துபோன கறுப்புச் சிப்பாய்க்குப் பதில் சோடா மூடி நிற்கிறது. என்னோடு ஆடுகிறவர் மலையாளி, எழுபது தாண்டியவர். நான் யானை என்பதை அவர் தேர் என்பார். என் மந்திரி அவருக்கு ஆனை. இதில் எத்தனையோ சண்டை, எத்தனையோ சிரிப்பு. கண் மங்குகிறது, இனி போதும் என்று போன மாதம் வராமலே இருந்துவிட்டார். வீட்டுக்குப் போய், "சேட்டா, ஜிப்ரால்டர் கதை தெரியுமா?" என்று கேட்டு முழுக்கச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் எனக்கு முன்னாலேயே வந்து காய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த ஜிப்ரால்டர் ஆட்டத்தை முதல் நகர்த்தல் முதல் கடைசி வரை தமிழில் வெளியிடுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக. பலகையில் வைத்து ஆடிப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்