எடப்பாடிக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது, பேத்திக்குக் காது குத்தியது பற்றி சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். காமலாபுரத்தில் தம்பி இந்த வருஷமும் வெல்லம் காய்ச்சுகிறான்.

சிலுவம்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எடப்பாடி பழனிசாமி எப்படிய்யா கோட்டை வரைக்கும் போனார் என்று கேட்டிருந்தாய். எல்லோரும் அவர் முதலமைச்சரான 2017 பிப்ரவரியைத்தான் பேசுகிறார்கள், எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் விடுதி, அதிர்ஷ்டம் என்று. எனக்கென்னவோ அதற்கு முந்தின கதைதான் பெரிசாகப் படுகிறது. 1989-இல் அ.தி.மு.க. ஜெயலலிதா அணியின் சேவல் சின்னத்தில் நின்று எடப்பாடியில் ஜெயித்தார், 1991-லும் ஜெயித்தார், 1996-இல் தோல்வி. 1998-இல் திருச்செங்கோட்டில் எம்.பி. ஆனார், அடுத்த வருஷமே ஆட்சி கவிழ்ந்து மறுபடி தேர்தல் வந்துவிட்டது. அப்புறம் 1999, 2004, 2006 என்று வரிசையாகத் தோல்வி. ஆனாலும் கட்சியை விட்டு நகரவில்லை. 2011-இல் ஜெயித்ததும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சர்.

அவரை வெறும் விவசாயி என்று சொன்னால் பாதிதான் சரி, வெல்ல வியாபாரமும் பார்த்தவர் இல்லையா. தம்பியோடு சேலம் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிக்குப் போனால் தெரியும். விடிய விடிய கரும்புச் சக்கையை எரித்துப் பாகு கிண்டினவன் சிப்பத்தை இறக்கிவிட்டு, ஏலத்தில் என்ன விலை கேட்பார்களோ என்று ஓரமாக நிற்பான். வியாபாரிக்கோ லாரி எப்போது கிளம்பும், சரக்கு எப்போது போய்ச் சேரும் என்பதுதான் கணக்கு. இவர் ரெண்டு பக்கமும் நின்றவர்.

அதனால்தானோ என்னவோ, மேட்டூர் உபரி நீரைச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடித் திட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான், அதற்கு முன்னால் 2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்காக குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி பக்கமெல்லாம் வயலில் அளவுக் கல் நட்டபோது, மத்திய அரசு கொண்டுவந்த அந்தச் சாலை வேண்டும் என்று முதலமைச்சராக நின்றவரும் அவர்தான். கிணறும் தென்னையும் போகிறதே என்று பெண்கள் அழுததை டிவியில் நீயும் பார்த்திருப்பாய். 2019-இல் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது, 2020 கடைசியில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிப்பு வெளியிட்டு எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

என் வீட்டிலேயே இதில் ரெண்டு கட்சி. ரோடு வந்திருந்தால் சென்னைக்குச் சீக்கிரம் போகலாமே என்கிறான் மகன், அவன் மாமனாருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே சோறு இறங்காது, நிலம் குப்பனூரில். நீ எந்தப் பக்கம் என்று எழுது.

அன்புடன்,
செல்வம்