பிளஸ் ஒன் குரூப் எடுக்கும் முன்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போன ஜூனில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு வந்த ஒரு மாணவனிடம் எந்தக் குரூப் என்று கேட்டேன். "காமர்ஸ் சார், கூட்டாளிங்க எல்லாம் அதுலதான்" என்றான். எழுதிக்கொண்டேன். டிசம்பரில் அவனே வந்து, மாட்டு டாக்டருக்குப் படிக்க எப்போது விண்ணப்பம் போடணும் என்று கேட்டான். வீட்டில் ஆறு மாடு. கன்று ஈனுகிற இரவெல்லாம் தொழுவத்தில் கிடக்கிற பையன். ஜூனிலேயே நான் இரண்டு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆகவே இந்த அரையாண்டு விடுமுறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேலை. விரும்புகிற தொழிலை எடுத்துக்கொண்டு, முடிவிலிருந்து பின்னோக்கி விசாரித்து எழுதி வர வேண்டும்.

கால்நடை மருத்துவத்தையே பாருங்கள். தொழில் செய்யக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவுக்கு பி.வி.எஸ்சி. பட்டம், உள்ளிருப்புப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. நமக்குப் பக்கத்தில், திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "டாக்டர் என்றாலே நீட்" என்று பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறீர்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். கணக்கு கட்டாயமில்லை. ஆனால் இந்தப் பட்டம் தருகிற அதே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பால்வளத் தொழில்நுட்பம் படிக்கக் கணக்கு வேண்டும். பாருங்கள், மாட்டைச் சுற்றியே இரண்டு குரூப்!

இன்னொன்று, இது பலருக்குத் தெரியவில்லை. 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்ததும் டி.சி. வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள். (பிள்ளைகளைப் பிடித்து வைக்கச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.)

ஆடிட்டராக காமர்ஸ்தான் எடுக்க வேண்டும் என்பதும் சரியல்ல. எந்தக் குரூப் படித்தவரும் சி.ஏ. முதல்நிலைத் தேர்வு எழுதலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், இரண்டே ஆண்டு. அதை யாரும் மட்டமாகப் பேச வேண்டாம்.

சொந்தக்காரர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று எழுதி வந்தால் ஏற்கமாட்டேன். அந்தந்தக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ வெளியிடும் தகவல் கையேட்டைப் பார்க்க வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் எந்த ஆண்டுக் கையேடு என்பதையும் குறிக்க வேண்டும். பிறகு அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். கால்நடை மருந்தகத்துக்கோ வங்கிக்கோ பட்டறைக்கோ நீங்கள் கூடப் போங்கள். பேச்சைப் பிள்ளை பேசட்டும்.

பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அந்த நோட்டோடு இருவரும் வாருங்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கு வந்தாலும் இருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி