இளவயது மாரடைப்பு: கட்டுரையில் கஞ்சா எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு இளைஞர்களுக்கு வரும் மாரடைப்பைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் சிகரெட், சர்க்கரை, நைட் ஷிஃப்ட், பிரியாணி எல்லாம் இருந்தன. கஞ்சாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மடிவாளாவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பி.ஜி. மொட்டைமாடிப் பக்கம் சனிக்கிழமை ராத்திரி போனவர்களுக்கு அந்த வாசனை புதிதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

"மூலிகைதானே, சிகரெட்டுக்கு இது தேவலை" என்பது இழுக்கிற பையன்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இதய விஷயத்தில் அது எடுபடாது. நடந்தாலே நெஞ்சு வலிக்கும் நோயாளிகளை வைத்து 1975லேயே சோதித்திருக்கிறார்கள். நிகோடின் அதிகமுள்ள ஒரு சிகரெட்டுக்குப் பிறகு, வலி வராமல் அவர்களால் உடற்பயிற்சி செய்ய முடிந்த நேரம் 23 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டுக்குப் பிறகு 50 சதவீதம் குறைந்தது.

காரணம் புரியாத புதிரல்ல. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. சில நிமிடங்களில் நாடித்துடிப்பை 20 முதல் 50 வரை ஏற்றிவிடும். 75ல் இருந்தது 115க்குப் போகும். வேகமாக அடிக்கிற இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். ஆனால் புகையைப் பெரிதாக உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்து வைப்பதால், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு சிகரெட்டைவிடச் சுமார் 5 மடங்கு ஏறுவதாக 1988ல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, தேவை கூடும்போதே வரத்து குறைகிறது. போதாததற்கு ரத்தக்குழாய் சுருங்கலாம், ரத்தம் கட்டிக்கொள்ளும் தன்மையும் கூடலாம். நம் ஊரில் கஞ்சாவைத் தனியாகவும் பெரும்பாலும் யாரும் இழுப்பதில்லை. சிகரெட் தூளை உதறி, பாதிக்குப் பாதி கலந்துதான் சுருட்டுகிறார்கள். இரண்டின் கெடுதலும் ஒரே இழுப்பில் உள்ளே போகிறது.

மிகவும் கவனிக்க வேண்டியது இழுத்தபின் வரும் முதல் ஒரு மணி நேரம். மாரடைப்பு வந்த 3,882 பேரை விசாரித்து 2001ல் வெளியான ஆய்வில், அந்த நேரத்தில் ஆபத்து 4.8 மடங்கு என்று கண்டார்கள். அதன்பிறகு வேகமாக இறங்கிவிடுகிறது. மிகைப்படுத்தவும் கூடாது: 25 வயதில் மாரடைப்பு வாய்ப்பே குறைவு, அதன் 4.8 மடங்கும் பெரிய எண்ணாகிவிடாது. ஆனால் அப்பாவுக்கு 45 வயதில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், பையனுக்கு பி.பி. இருக்கிறது, தினமும் அரை பாக்கெட் சிகரெட்டும் உண்டு என்றால் கணக்கே வேறு. தினமும் பயன்படுத்துவோரிடம் மாரடைப்பு வாய்ப்பு 25 சதவீதமும் பக்கவாதம் 42 சதவீதமும் கூடுதல் என்று அமெரிக்காவில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் எடுத்த கணக்கு 2024ல் வெளிவந்தது. இது தொடர்பைக் காட்டும் கணக்குதான், காரணத்தை நிரூபித்துவிடவில்லை. இருந்தாலும் மேலே சொன்ன உடலியலோடு பொருந்தி வருகிறது.

புகைக்காமல், அரைத்துச் செய்யும் 'பாங்' ஆகவோ பிஸ்கட்டாகவோ சாப்பிட்டால் நுரையீரல் தப்பும், இதயம் தப்பாது. இதில் ஏமாறுவது நேரக் கணக்கில்தான். வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். 'ஒன்றும் ஏறவில்லையே' என்று இரண்டாவது துண்டைப் போடுவார்கள். இரண்டும் சேர்ந்து ஏறும்போது படபடப்பு ராத்திரி முழுக்க நீடிக்கும்.

இனி, வலி வந்தபின் நடக்கும் தவறுகள். முதலாவது, 'கேஸ்' என்று சோடாவும் பான்-40 மாத்திரையும் கொடுத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைப்பது. இரண்டாவது, பக்கத்து அறை நண்பர் தாத்தாவின் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைப்பது. கஞ்சா இழுத்தவருக்கு எழுந்து நின்றாலே பி.பி. சரியும். அதன்மேல் இந்த மாத்திரை போனால் மயங்கி விழுவார். அன்றைக்கு வயாக்ராவும் சாப்பிட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது, பைக்கின் பின்னால் உட்கார வைத்து சில்க் போர்டு டிராஃபிக்கில் புறப்படுவது. நெஞ்சு அழுத்தம் 10 நிமிடத்துக்கு மேல் நீடித்து, வியர்வையோ இடது கை, தாடை வலியோ சேர்ந்தால் உட்கார வைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அளவில் கடித்து மென்று விழுங்கலாம். பயத்தில் வரும் படபடப்பா, மாரடைப்பா என்று வீட்டில் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஆஸ்பத்திரியில் 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். வலி தொடங்கிச் சீக்கிரமே வந்துவிட்டால் முதல் இ.சி.ஜி.யும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ட்ரோபோனினும் முதலில் நார்மலாக இருக்கலாம். 'சின்ன வயசு, ரிப்போர்ட் நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வலி இருக்கும்வரை இ.சி.ஜி.யை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், ட்ரோபோனினை 1 முதல் 3 மணி நேரத்துக்குள் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் ஷீட்டில் புகையிலைக்கும் மதுவுக்கும் கட்டம் இருக்கிறது, கஞ்சாவுக்குப் பெரும்பாலும் இல்லை. கேட்டாலும், சேலத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ அடித்துப்பிடித்து வந்த அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பையன் வாயைத் திறப்பான்? மருத்துவர்கள் பெற்றோரை ரிசப்ஷனுக்கு அனுப்பிவிட்டு, "எப்போ இழுத்தே, எவ்வளவு, கூட வேற என்ன?" என்று மூன்றையும் தனியாகக் கேட்கலாம். நோயாளி சொல்வதை ரகசியமாக வைப்பது மருத்துவரின் கடமை. போலீஸ் பயமும் இதில் உண்டு. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா பயன்படுத்துவதற்கு 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது உண்மை. தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுக்கும் அடிமைக்கு 64ஏ பிரிவு விலக்கு தருகிறது என்பதும் அதே சட்டம்தான்.

தினமும் இழுத்தவர் நிறுத்தினால் தூக்கமின்மையும் எரிச்சலும் முதல் வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டத்துக்கு இடம் இருந்தால் இந்த எண்களைப் போடுங்கள்: போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, ஆம்புலன்ஸ் 108.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு