ஏ.டி.எச்.டி.யும் குழந்தையின் உணவுத் தட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் நுண்ணுயிரிகளுக்கும் குழந்தைகளின் கவனக்குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இப்பொருளைத் தமிழில் எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆனால், குடலைச் சரிசெய்தால் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த நிலை தானே சரியாகிவிடும் என்று பெற்றோர் எண்ணும்படி அக்கட்டுரை முடிந்திருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. சிறப்புக் கல்வி ஆசிரியையான நான், அந்த நம்பிக்கையில் மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, பால், கோதுமை, முட்டை என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போகும் தாய்மார்களைப் பார்த்து வருகிறேன். பிள்ளை அடங்காவிட்டால் சமைத்துப் போட்டவள்மீதே பழி விழும் வீடுகளில் இந்த எண்ணம் அவர்களை இன்னும் வருத்துகிறது.

உணவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2007-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேரையும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள் 144 பேரையும் கொண்டு நடத்திய சோதனையில், செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் கலந்த பானம் சில குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டியது தெரியவந்தது. விளைவு சிறிதுதான், எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் தென்படவும் இல்லை. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் அதை அலட்சியப்படுத்தவில்லை. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மோசின் உள்ளிட்ட ஆறு நிறங்களில் எது சேர்ந்திருந்தாலும், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் அது பாதிக்கக்கூடும் என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற விதி 2010 ஜூலை முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலோ அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம் சேர்க்கப்பட்டுள்ளது என்ற வரியோடு நின்றுவிடுகிறோம். பெட்டிக்கடையில் தொங்கும் மிட்டாய்ப் பொட்டலத்தில் அந்த நிறங்களைக் குறிக்கும் 102, 110, 122, 124 என்ற எண்களைப் பார்த்து எந்தத் தாய்க்கு என்ன விளங்கும்? சர்க்கரையின் மீதுதான் எல்லோரும் பழி போடுகிறார்கள். ஆனால், 1990-களில் கவனமாக நடத்தப்பட்ட சோதனைகளில் சர்க்கரை குழந்தைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. பல்லுக்காகவும் உடல் எடைக்காகவும் அதைக் குறைப்பது வேறு விஷயம்.

உணவு விலக்கு முறைக்கு ஆதாரமாகப் பெரும்பாலோர் காட்டுவது 2011-இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நூறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வை. ஐந்து வாரம் மிகச் சில உணவுகளை மட்டும் உண்ட ஐம்பது பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. தம் குழந்தை எதை உண்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிந்தே இருந்ததால், அவர்களின் எதிர்பார்ப்பும் அந்த மதிப்பீட்டில் கலந்திருக்கக்கூடும். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்த்து எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று கணித்துவிட முடியாது. நம் ஊரிலும் அத்தகைய சோதனைகள் கணிசமான கட்டணத்திற்கு விற்கப்படுகின்றன. அவற்றின் அறிக்கையை நம்பித் தயிர்ச்சோறும் பருப்பும் நிறுத்தப்பட்ட குழந்தை மெலிந்துபோவதைப் பார்க்க நெஞ்சு பொறுப்பதில்லை.

குடல் நுண்ணுயிரிகளைப் பற்றிய செய்தி இதைவிடவும் தொடக்க நிலையில் உள்ளது. பின்லாந்தில் 75 கைக்குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பிறந்த முதல் ஆறு மாதம் லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை தரும் நுண்ணுயிரியில் ஒரு வகையைக் கொடுத்துவந்தார்கள். பதின்மூன்று வயதில் பார்த்தபோது, அது கொடுக்கப்படாத 35 பேரில் ஆறு பேருக்கு ஏ.டி.எச்.டி.யோ ஆட்டிசத்தின் ஒரு வகையான ஆஸ்பெர்கர் நிலையோ இருந்தது. கொடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆர்வமூட்டும் முடிவுதான், ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியது. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளின் குடலில் நுண்ணுயிரிகளின் கலவை வேறுபடுகிறது என்று காட்டும் ஆய்வுகளிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வெறும் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் தவிர வேறெதையும் தொடாத குழந்தையின் குடல் அந்த உணவால்தான் மாறியதா, அல்லது குடல் மாறியதால் கவனம் சிதறியதா என்பது அவற்றிலிருந்து தெரியவில்லை.

இவற்றைவிட அன்றாடம் பயன்படக்கூடியவற்றுக்குக் கட்டுரை இடம் தந்திருக்கலாம். முதலாவது இரும்புச்சத்து. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இரும்புச்சத்துக் குறைவு கவனத்தையும் தூக்கத்தையும் கெடுக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் சேமிப்பு குறைந்திருக்கலாம் என்பதால், அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்வதும், புலால் உண்ணும் வீடுகளில் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) சமைப்பதும், சாப்பாட்டோடு தேநீரைத் தவிர்ப்பதும் உதவும். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்து.

அடுத்தது மலச்சிக்கல். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. விளையாட்டு மும்முரத்தில் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளை வயிற்றுவலியோடு வகுப்பில் நெளியும்போது, அதையும் நாம் சேட்டை என்றே எழுதிவைக்கிறோம். பள்ளிக் கழிப்பறை துர்நாற்றம் வீசாமல் இருந்தாலே பல பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறையும். மூன்றாவது காலை உணவு. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மீதைல்ஃபெனிடேட் மாத்திரை பசியைக் குறைப்பதால், மாத்திரைக்கு முன்பே இட்லியோ பொங்கலோ வயிறார உண்பதும், அதன் வீரியம் தணியும் மாலையில் சுண்டல், முட்டை போன்றவற்றைக் கொடுப்பதும் எடை குறையாமல் காக்கும்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியை எழுதுவதாக இருந்தால், குழந்தை மனநல மருத்துவர் ஒருவரையும் உணவியல் வல்லுநர் ஒருவரையும் சந்தித்து, மேற்கண்டவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உணவை மாற்றும்போதும் மாத்திரையையும் நடத்தைப் பயிற்சியையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது என்ற வரி அதில் தடித்த எழுத்தில் வர வேண்டும். ஐரோப்பாவில் உள்ளதைப் போன்ற எச்சரிக்கை வாசகத்தை நம் மிட்டாய்ப் பொட்டலங்களிலும் தமிழில் அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் தலையங்கத்தில் எழுப்புமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவர்,
ஈரோடு.