மருந்து ஒரு நாள், ஜெபம் ஒரு நாள்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய விவரம் படித்தேன். மே மாதம் உங்கள் கிறிஸ்தவ ஐக்கியத்தார் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் மருத்துவ முகாம் போட்டு, அதே பந்தலில் சாயங்காலம் சுவிசேஷக் கூட்டமும் வைக்கப்போகிறீர்களாம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

சுவிசேஷம் சொல்வதே அடுத்தவரை அவமதிப்பது என்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. உயிராக நம்புவதை ஒருவன் எப்படிச் சொல்லாமல் இருப்பான்? மலைக்காரர்களுக்கு யோசிக்கத் தெரியாது, யாராவது மயக்கிவிடுவார்கள் என்று பேசுவதும் அவர்களைக் கேவலப்படுத்துவதுதான்.

ஆனால் நர்ஸ் வேலையில் இருந்தபோது நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையாளிப் பழங்குடிப் பாட்டி ஒருவர் (கேரளக்காரர் இல்லை, நம் மலைக்காரர்), கடுமையான காய்ச்சல், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா அம்மா?" என்று கேட்டார். பாட்டி பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். ஊழியக்காரர் சந்தோஷமாக நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு போனார். அப்புறம் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரின்னு சொல்லிட்டேன் சாமி, ஊசியை எடுத்துற மாட்டீங்கல்ல?" என்றார். யாரும் மிரட்டவில்லை, பணம் கொடுக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சரி பயத்தில் வந்த சரி.

அரசியல் சட்டம் 25-வது பிரிவில் மதத்தைப் பரப்ப உரிமை தந்திருக்கிறது என்பாய். தந்திருக்கிறதுதான். இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் படி. சட்டம் கிடக்கட்டும், 2011ல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக சுவிசேஷக் கூட்டணியும் கூடி, ஏழ்மையையும் தேவையையும் ஊழியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று எழுதிவைத்தார்களே, அது நம் வீட்டுப் பேச்சு. வேண்டாம் என்று சொன்னாலும் தனக்கு ஒன்றும் குறையாது என்று தெரிந்தவரிடம் பேசு. 1623ல் சேலம் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, அதற்கு முன்பே மதுரையில் தமிழும் சமஸ்கிருதமும் படித்து, எதிர்க்கேள்வி கேட்கிற பண்டிதர்களோடு உட்கார்ந்து வாதாடியவர். பேசுவதென்றால் அப்படிப் பேசட்டும் உங்கள் ஆட்கள்.

இன்னொன்று. மே மாதம்தான் ஏற்காட்டு மலைமேல் இருக்கிற சேர்வராயன் கோயில் திருவிழா. குகைக்குள் குனிந்து போய் சேர்வராயனையும் காவேரியம்மனையும் கும்பிட வருகிறவர்கள் கையில் தேங்காய்ப் பழத்தட்டு இருக்கும். அந்தக் கையில் சுவிசேஷக் கைப்பிரதியைத் திணிக்காதீர்கள். அவர்கள் சாமியைப் பேய் என்று பேசுகிற பிரசங்கியார் யாரையும் கூட்டி வரவும் வேண்டாம்.

முகாமைத் தாராளமாகப் போடுங்கள், நானும் வந்து பிரஷர் பார்க்கிறேன். கூட்டத்தை வேறு நாளில், வேறு இடத்தில் வையுங்கள். இதை உங்கள் தலைவரிடம் நீயே சொல். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னோடு பேசச் சொல்.

அன்புடன்,
அம்மா